மாதா துணை என்ற ஃபோல்டர்

என் ஓரகத்திக்கு அந்த வேலை கிடைக்கக் கூடாது என்று நான் ஜெபித்திருக்கிறேன். ஏதோ மனதில் ஓடிய நினைப்பு என்று தள்ளிவிட முடியாது. மாதா படத்துக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடி, முறையாகச் சிலுவை போட்டு ஜெபித்தேன். கெடுவான் கேடு நினைப்பான் என்று எனக்கும் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

ஓரகத்தி என்றால் என் கொழுந்தனின் மனைவி. கொழுந்தன் கப்பலில் வேலை பார்க்கிறான். வருடத்தில் பெரும்பாதி கடலில்தான். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். மாமனார் காலமாகிவிட்டார். கீழ்வீட்டில் நாங்களும் மாமியும், மாடியில் அவள். நான் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் பன்னிரண்டு வருடமாக டாக்குமென்டேஷன் பார்க்கிறேன். வெளிநாட்டுக்குப் போகும் சரக்குக்குக் கஸ்டம்ஸில் காட்டவேண்டிய காகிதங்களைத் தயார் செய்கிற வேலை. உப்பு, முருங்கைப் பொடி, காய்ந்த பூ, உறையவைத்த இறால் என்று நான் கப்பலேற்றாத சாமான் இல்லை. நான் போன அதிகபட்ச தூரம் வேளாங்கண்ணி.

நானும் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் படித்தேன். இதை வீட்டில் யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. அவள் படித்தது மட்டும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 'சின்னவ கம்ப்யூட்டர் படிச்சவ' என்று மாமி கோயில் வாசலில் நின்று சொல்வதை நான் என் காதாலேயே கேட்டிருக்கிறேன். பக்கத்தில் நின்ற பெரியவள் என்ன படித்தாள் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. வீட்டில் சீலா மீன் வாங்கினாலும் நடுத்துண்டு அவளுக்குத்தான். 'அவ ஒத்தையில கிடக்கா, பாவம்' என்பார்கள் மாமி. நான் ஒத்தையில் கிடந்தால் எனக்கும் நடுத்துண்டு கிடைக்கும் போலிருக்கிறது.

அந்த டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் எனக்குக் கல்யாணமான இரண்டாம் வருடம் வீட்டுக்கு வந்தது. ஹாலில், மாதா படம் இருக்கிற பீடத்துக்குக் கீழே மேஜை போட்டு வைத்தார்கள். மாட்டிக்கொடுக்க வந்த கடைக்காரர், "யூசர் பேரு என்ன போடட்டும்?" என்று கேட்டார். மாமிக்கு யூசர் என்றால் என்னவென்று தெரியாது. பேர் என்றால் தெரியும். மாமனார் வள்ளம் வைத்திருந்த காலத்தில் அதன் முன்முனையான அணியத்தில் 'மாதா துணை' என்று எழுதியிருந்தது. அப்புறம் பைக்கில் எழுதினார்கள், கிரைண்டரில் எழுதினார்கள், கேஸ் புத்தகத்தின் அட்டையில்கூட எழுதினார்கள். ஆகவே கம்ப்யூட்டருக்கும் அதுதான். கடைக்காரருக்குத் தமிழில் தட்டத் தெரியவில்லை. நான் குனிந்து, தமிழ் விசைப்பலகையை வரவழைத்து, 'மாதா துணை' என்று தட்டினேன். மாமி என்னைப் பார்த்துப் பெருமைப்பட்ட நாள் அது. அப்படிப்பட்ட நாள் அதிகம் இல்லாததால் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். ஒரு சொட்டு கீபோர்டுக்குள் போய்விட்டது. அன்றிலிருந்து ஸ்பேஸ் பார் அமுங்கினால் எழும்ப யோசிக்கும்.

தினமும் காலையில் மாமி எழுந்ததும் கம்ப்யூட்டரைப் போடச் சொல்வார்கள். ஜெபமாலை அதில்தான் ஓடும். திரை வெளிச்சமாகி 'மாதா துணை' என்று பேர் வரும்போது நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார்கள். அந்தப் பேர் வருவதும் ஜெபத்தில் ஒரு பகுதியாகிவிட்டது.

இனி நான் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஆறு வருடத்துக்கு முன்னால் இதே கம்ப்யூட்டரில் நான் ஒரு ஆப் செய்ய நினைத்தேன். எங்கள் ஆபீஸுக்கு டிரெய்லர் டிரைவர்கள் நாளெல்லாம் போன் போட்டு, 'யக்கா, காலிப் பெட்டிய எந்த யார்டுல விடணும்?' என்று கேட்டபடி இருப்பார்கள். எங்கள் பேச்சில் பெட்டி என்றால் கன்டெய்னர். போனிலேயே பார்த்துக்கொள்கிற மாதிரி ஒரு ஆப் இருந்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. ஆப் எழுதுவதற்கான மென்பொருளை நாலு நாள் உட்கார்ந்து போன் நெட்டில் இறக்கினேன். ஒரு வீடியோவைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு படியாக நிறுவினேன். கடைசிப் படியில் சிவப்பு எழுத்து வந்தது. எதையோ கண்டுபிடிக்கவும் முடியவில்லை, ஏற்றவும் முடியவில்லை என்று இங்கிலீஷில் ஒரு வரி. அழித்துவிட்டு மறுபடி போட்டேன். மறுபடி அதே சிவப்பு. நாலாம் முறை தோற்றபோது, இது நம் மண்டைக்கு ஏறாது என்று முடிவுகட்டிவிட்டேன். வீட்டில் யாரும் என்ன செய்கிறாய் என்று கேட்டிருக்கவில்லை. அதனால் விட்டதையும் யாரும் கேட்கவில்லை.

அப்புறம்தான் அவள் இந்த வீட்டுக்கு வாழ வந்தாள். சொந்த ஊர் இங்கே நாசரேத் பக்கம். சீர்திருத்த சபைக் குடும்பம். அப்பா அம்மா இரண்டு பேரும் வாத்தியார்கள். மாதா சுரூபம் இல்லாத கோயிலில் வளர்ந்தவள். கல்யாணம் எங்கள் கோயிலில்தான் நடந்தது. மாமியோடு பூசைக்கு வருவாள், முழங்கால் போடுவாள், ஜெபமாலைதான் பாதியில் தடுமாறும். அதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம் இருந்தது. இவளுக்கும் தெரியாதது ஒன்று இருக்கிறதே.

போன மழைக்கு மாடியில் தளம் ஒழுகி அவள் லேப்டாப் நனைந்து செத்துப்போனது. அது போன பத்தாம் நாள், வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை ஒன்றுக்கு ஒரு கம்பெனி அவளுக்குப் பரீட்சை வைத்தது. மூன்று பக்கமுள்ள சின்ன ஆப் ஒன்றைச் செய்து சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். ஓடினால் வேலை. அவள் திங்கட்கிழமை படியிறங்கி வந்து, "அக்கா, ஒரு வாரத்துக்கு இந்த சிஸ்டத்தில உக்காந்துக்கிடட்டுமா?" என்று கேட்டாள். கேட்டது என்னிடம். ஆனால் மாமி குசினியிலிருந்து, "உக்காருளா, இதுக்குப் போய்க் கேப்பாங்களா?" என்று பதில் சொல்லிவிட்டார்கள்.

நான் ஆபீஸிலிருந்து வந்தால் அவள் காலை மடக்கி என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். கீபோர்டைப் பார்க்காமலே தட்டுவாள். அந்தச் சண்டி ஸ்பேஸ் பார்கூட அவள் விரலுக்கு ஒழுங்காக எழும்பியது. நான் நாலு நாள் இறக்கியதை அவள் ஒரு நாளில் இறக்கினாள். மறுநாள் சாயங்காலம் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, அது முழுதாக எழும்புவதற்குள் ஏதோ ஒரு கீயைத் தட்டித் தட்டி ஒரு நீலத் திரையை வரவழைத்தாள். அதில் ஒரு வரியை 'ஆன்' என்று மாற்றினாள். "இது ஆன்ல இருந்தாத்தான் கம்ப்யூட்டருக்குள்ளயே ஒரு போலி போன் ஓடும்க்கா. ஆப்ப அதுல போட்டுப் பாத்துக்கிடலாம்" என்றாள். அப்படி ஒரு நீலத் திரை அந்தப் பெட்டிக்குள் இருப்பதே எனக்கு இத்தனை வருடமாகத் தெரியாது. வயிறு எரிந்தது. கருவாட்டைப் பூனை பார்க்கிற மாதிரி பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்போதுதான் அந்த ஜெபம். அவள் தண்ணீர் குடிக்க எழுந்து போனாள். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, 'மாதாவே, இவளுக்கும் அந்தச் சிவப்பு எழுத்து வரட்டும்' என்று கேட்டேன்.

வந்தது. அவள் திரும்பி வந்து பட்டனை அழுத்திய பத்தாவது நொடியில், அதே வரி, அதே சிவப்பு. ஆறு வருடத்துக்குப் பிறகும் ஒரு எழுத்து மாறவில்லை. எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க, "என்னளா ஆச்சு?" என்று கவலையாகக் கேட்டேன்.

அவள் அந்த வரியை எடுத்து நெட்டில் தேடினாள். நாலைந்து பக்கம் படித்தாள். பத்து நிமிடம் இருக்கும். திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அக்கா, இந்த சாப்ட்வேர் தன் சாமான் எல்லாத்தையும் யூசர் பேருல உள்ள ஃபோல்டர்லதான் வச்சிக்கிடும். நம்ம ஃபோல்டர் பேரு 'மாதா துணை'. தமிழ்ல இருக்கு, நடுவுல இடம் வேற விட்டிருக்கு. இதுக்கு இங்கிலீஷ் எழுத்து மட்டுந்தான் தெரியும். வச்ச சாமான எடுக்க வழி தெரியாம நிக்கிது."

நான் திரையில் அந்தப் பேரைப் பார்த்தேன். அவளே மறுபடி, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"டவுன்லோட்ல இதே சாப்ட்வேர் பழசு ஒண்ணு கிடக்குக்கா. ஆறு வருசத்துக்கு முன்னாடி உள்ளது. நீங்க போட்டுப் பாத்தீங்களா?" நான் ஸ்பேஸ் பாரை நகத்தால் நெம்பிவிட்டேன். "உங்க மேல தப்பே இல்லக்கா. பேருதான் காரணம்" என்று என் கையைத் தொட்டாள்.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் மனம் ஆறியிருக்கும். நான் மட்டி இல்லை என்று தெரிந்துவிட்டதே. எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆறு வருடமாக என்னை நானே மட்டம் தட்டி வைத்திருந்தேன். அது நான் குனிந்து தட்டிய இரண்டு வார்த்தையால் வந்தது என்பதை எனக்குப் பின்னால் வீட்டுக்கு வந்தவள் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்து, கையைத் தொட்டு, எனக்கு ஆறுதல் வேறு சொல்கிறாள். அவள் ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

எழுந்து குசினிக்குப் போனேன். மாமி சூடை மீனை அலசிக்கொண்டிருந்தார்கள்.

"மாமி, கம்ப்யூட்டர்ல மாதா பேரு இருக்கதாலதான் அவ வேல ஓடலியாம். பேர மாத்தணும்ங்கா."

இதில் ஒரு சொல் பொய் இல்லை. காகிதத்தில் பொய் எழுதக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். உண்மையில் எதை முன்னால் வைப்பது, எதை விடுவது என்பது இரண்டாம் பாடம். எனக்கு இரண்டும் நன்றாக வரும்.

மாமி ஈரக் கையோடு ஹாலுக்கு வந்தார்கள். "ஏளா, மாதா உனக்கு என்னளா இடைஞ்சல் பண்ணுனா?"

அவள் பதறி எழுந்தாள். "மாமி, அழிக்கல மாமி. அது அப்படியே இருக்கட்டும். எனக்குப் பக்கத்துல வேற ஒரு யூசர் மட்டும் போட்டுக்கிடுதேன்."

"மாதாவுக்குப் பக்கத்துல இன்னொரு பேரா? உங்க கோயில்ல சுரூபம் கிடையாதுன்னா இங்கனயும் அப்படின்னு நெனச்சிட்டியோ? இந்த வீட்டுல அந்தப் பேரும் மாறாது, பக்கத்துல வேற பேரும் ஏறாது."

இரண்டு வருடத்தில் மாமி அவளுடைய கோயிலைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. அன்றைக்குத்தான் சொன்னார்கள். அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வேலை முடிந்து வந்த என் வீட்டுக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நீங்க பொம்பளையளு பேசித் தீத்துக்கிடுங்க" என்று துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

புதன்கிழமை அவள் மென்பொருளை வேறு டிரைவில் போட்டுப் பார்த்தாள், அதே சிவப்பு. ஆப்பை எழுதத்தான் செய்தாள், ஓட்டிப் பார்க்க வழியில்லை. உப்பு புளி பார்க்காமல் குழம்பு கூட்டி இறக்குகிற கதை. வியாழக்கிழமை பஸ் ஏறி முத்தையாபுரத்தில் இருக்கிற தோழி வீட்டுக்குப் போனாள். தோழியிடம் இருந்தது ஆபீஸ் லேப்டாப். அதில் எதையும் புதிதாக நிறுவ முடியாதபடி பூட்டியிருக்கிறார்களாம். சாயங்காலம் வெறுங்கையோடு திரும்பி வந்தாள். நான் மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். கீழே மாடிப்படியில் உட்கார்ந்து அவள் கப்பலில் இருக்கிற புருஷனுக்கு வாய்ஸ் மெசேஜ் பேசுவது கேட்டது. என்னைப் பற்றித்தான் புகார் சொல்வாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

"மாமி மேல கோவம்லாம் இல்ல. அக்காவ நெனச்சாத்தான் பாவமா இருக்கு. ஒரு காலத்துல அவங்களும் இதக் கத்துக்கணும்னு ஆசப்பட்டிருக்காங்க. வீட்டுல யாருமே கேக்கல போல."

பாவமாம். நான் துணியை இழுத்த இழுப்பில் கொடியிலிருந்து மூன்று கிளிப் பறந்து கீழே விழுந்தன. சீலா மீன் நடுத்துண்டுக்கு அவள் பாவம் என்றால் சரி. நான் ஏன் பாவமாக வேண்டும்?

வெள்ளிக்கிழமை ஆபீஸில் ஒரு காய்ந்த பூ லோடு. எங்கள் மேஜையில் ஒரு பழக்கம் உண்டு. கஸ்டம்ஸுக்கு அனுப்புமுன் எல்லா விவரத்தையும் செக்லிஸ்டாக அச்செடுத்து, வரிக்குக் கீழே இரும்பு ஸ்கேலை வைத்து, ஒவ்வொரு வரியாகப் படித்து டிக் போட வேண்டும். ஸ்கேல் இல்லாமல் படித்தால் கண் தாவிவிடும். அப்படிப் படித்துக்கொண்டிருக்கும்போது சரக்கை அடுக்கிவைக்கிற கிட்டங்கியிலிருந்து போன். வாங்குகிறவர் மாறியதால் அட்டைப்பெட்டிகளில் லேபிளை மாற்றி ஒட்டச் சொல்லியிருந்தோம். அங்கே புதிதாகச் சேர்ந்த சூப்பர்வைசர், "யக்கா, லேபிள மாத்தியாச்சு. கன்டெய்னர் நம்பரும் மாறுமா?" என்று கேட்டான்.

"ஏலே தம்பி, லேபிள் வேற, பெட்டி வேறலே. மேல நீ என்னத்த ஒட்டுனாலும் பெட்டி பொறந்த நம்பர் மாறாது" என்று ஏசிவிட்டுப் போனை வைத்தேன்.

வைத்த கையை எடுக்காமல் அப்படியே இருந்தேன். திரையில் வருகிற பேர் லேபிள். உள்ளே இருக்கிற ஃபோல்டர் பெட்டி. யூசரை முதல்முதல் உண்டாக்கும்போது என்ன பேர் கொடுக்கிறோமோ அதுதான் ஃபோல்டருக்குப் பிறந்த நம்பர். அப்புறம் திரைப் பேரை எத்தனை முறை மாற்றினாலும் ஃபோல்டர் மாறாது. படிக்கும் காலத்தில் காலேஜ் கம்ப்யூட்டர் லேப்பில் பார்த்திருக்கிறேன். அப்படியானால் இங்கிலீஷ் எழுத்தில் புதிய பெட்டி ஒன்றை எடுத்து, அதன் மேல் 'மாதா துணை' என்ற லேபிளை ஒட்டினால்? மாமி பார்ப்பது லேபிளை. மென்பொருள் படிப்பது பெட்டி நம்பரை. இது அவளுக்குத் தோன்றவில்லை! எனக்குத்தான் தோன்றியிருக்கிறது! தலைவலி என்று சொல்லி மதியத்துக்கு மேல் பர்மிஷன் போட்டுவிட்டு, ஸ்கேலையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

வீட்டில் மாமி கோயில் கூட்டத்துக்குப் போயிருந்தார்கள். அவள் ஒரு பிரௌசிங் சென்டரில் விசாரிக்கப் போயிருப்பதாக எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தாள். நான் சேலையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்தேன். பழைய யூசரின் திரைப் பேரை 'பழையது' என்று ஆக்கினேன். இங்கிலீஷில் matha என்று ஒரு புதிய யூசரைப் போட்டேன். ஃபோல்டர் உண்டாகிவிட்டதா என்று பார்த்துக்கொண்டு, திரைப் பேரை மட்டும் 'மாதா துணை' என்று தட்டினேன். பதினோரு வருடத்துக்கு முன்னால் தட்டிய அதே விரல். மென்பொருளை அதற்குள் நிறுவி, அவள் எழுதிவைத்திருந்ததைத் தொடாமல், வெறும் வணக்கம் சொல்கிற ஒரு சின்ன ஆப்பை ஓட்டிப் பார்த்தேன்.

சிவப்பு எழுத்து. அதே நிறம். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே ஸ்கேலை எடுத்துத் திரையில் வைத்தேன். முதல் வரி, டிக். இரண்டாம் வரி, டிக். கையில் பேனா இல்லை, வாயால் டிக் சொன்னேன். முப்பத்தெட்டாம் வரியில் நின்றேன். அது இன்னும் பழைய ஃபோல்டரின் விலாசத்தைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது. அந்த விலாசத்தைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிவைத்தது யார்? ஆறு வருடத்துக்கு முன்னால் வீடியோவைப் பார்த்து நான்தான் எழுதிவைத்திருந்தேன். அதை எடுத்துவிட்டுப் புதிய விலாசத்தை எழுதினேன்.

மறுபடி பட்டனை அழுத்துமுன், போலி போனில் வேண்டாம், என் போனிலேயே ஓடட்டும் என்று ஆசை வந்தது. அதற்குப் போனில் ஒரு பூட்டைத் திறக்க வேண்டும். செட்டிங்கில் கடைசியில் இருக்கிற ஓர் எண்ணை ஏழு முறை தட்ட வேண்டும். என் போன் தமிழில் இருப்பதால் தட்டத் தட்ட, டெவலப்பராக இன்னும் மூன்று முறை, இன்னும் இரண்டு முறை என்று தமிழிலேயே சொன்னது. ஏழாவது தட்டில், 'இப்போது நீங்கள் டெவலப்பர்!' என்று வந்தது. டெவலப்பர் என்றால் ஆப் எழுதுகிறவர். முன்பக்க யு.எஸ்.பி. ஓட்டை உப்புக்காற்றில் துருப்பிடித்துக் கிடந்தது. பின்பக்கம் கையை விட்டுத் துழாவி ஒயரைச் சொருகினேன். என் போனின் திரை வெள்ளையாகி நடுவில் ஒரு வணக்கம் எழும்பி வந்தது.

அந்த ஹாலில் யாரும் இல்லை. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேட் கிரீச்சிட்டது. அவள் செருப்புச் சத்தம். அந்தக் கொஞ்ச நேரத்தில் எனக்கு வந்த நினைப்பையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த யூசரை அழிக்க இரண்டு கிளிக் போதும். அழித்தால் சனிக்கிழமை ஆறு மணி அவளுக்குத் தப்பிப்போகும். என் விரல் மவுஸில்தான் இருந்தது. நான் அழிக்கவில்லை. நல்ல மனசால் அல்ல. அழித்துவிட்டால், நான் செய்து முடித்தேன் என்பதற்குச் சாட்சி இல்லாமல் போய்விடும்.

அவள் வந்து பின்னால் நின்றாள். திரையைப் பார்த்தாள், என் போனைப் பார்த்தாள், 'மாதா துணை' என்ற பேரைப் பார்த்தாள். "எப்படிக்கா?" என்றாள். லேபிள் வேறு பெட்டி வேறு என்று சொல்லிக்கொடுத்தேன். பழைய விலாசத்தை எடுத்ததையும் ஸ்கேல் வைத்துப் படித்ததையும் சொன்னேன். அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு, "இது எனக்குத் தோணவே இல்லியேக்கா!" என்றாள். வாழ்க்கையில் யாராவது என்னிடம் சொல்ல வேண்டும் என்று நான் காத்திருந்த வாக்கியம் அதுதான் என்று அவள் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

அந்தச் சந்தோஷத்தில் வாய் உளறிவிட்டது. "மாமிகிட்ட அன்னைக்குக் கோள் சொன்னது நான்தாம்ளா."

"தெரியும்க்கா" என்றாள், நாற்காலியை இழுத்துக்கொண்டே. "குசினியில பேசுனா ஹாலுக்குக் கேக்கும்."

அவ்வளவுதான். ஆப்பைத் திறந்து வேலையை ஆரம்பித்துவிட்டாள். நான் போய் ஒரு டம்ளர் தேயிலை போட்டுக் கொண்டுவந்து வைத்தேன்.

சனிக்கிழமை காலையில் மாமி கம்ப்யூட்டரைப் போடச் சொன்னார்கள். 'மாதா துணை' என்று பேர் வந்தது. நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். கீழே ஓரத்தில் சின்னதாக இன்னொரு பேர் இருப்பதைப் பார்த்து, "அது என்னளா?" என்று கேட்டார்கள். "அது பழசு மாமி, என் ஆபீஸ் சாமான் கிடக்கு" என்றேன். ஜெபமாலை ஓடியது. சாயங்காலம் ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவள் ஆப்பை அனுப்பினாள்.

வேலை கிடைத்தது. இப்போது கம்பெனி கொடுத்த புது லேப்டாப்பில் மாடியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறாள். கொழுந்தன் கப்பலிலிருந்து குடும்ப குரூப்பில் கேக் படம் போட்டான். 'சின்னவ வீட்டுல இருந்தே கம்பெனி வேல பாக்கா' என்று மாமி கோயில் வாசலில் சொல்கிறார்கள். நான் வழக்கம்போலப் பக்கத்தில் நிற்கிறேன். டிரெய்லர்க்காரர்கள் வழக்கம்போல எனக்குப் போன் போட்டு எந்த யார்டு என்று கேட்கிறார்கள். பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், எங்கே போகும்? மாடிப்படியில் அவள் இங்கிலீஷில் மீட்டிங் பேசுகிற சத்தம் இறங்கி வரும்போது இன்றைக்கும் வயிறு எரியத்தான் செய்கிறது.

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. என் போனில் பேங்க் ஆப்பைத் திறக்கும்போதெல்லாம் ஓர் எச்சரிக்கை வருகிறது: உங்கள் போனில் டெவலப்பர் அமைப்பு இயங்குகிறது, பாதுகாப்புக்காக அணைத்துவிடவும். போன வாரம் அந்த ஆப்பில் கேஸ் சிலிண்டருக்குப் பணம் கட்டும்போது அவள் பக்கத்தில் இருந்தாள். "அக்கா, அது இன்னும் ஆன்லயா கிடக்கு? தாங்க, ஆஃப் பண்ணித் தாரேன். இப்ப உங்களுக்கு அது தேவயில்லல்லா" என்று போனை வாங்கினாள்.

வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன். "தொடாதளா, கிடக்கட்டும்" என்றேன். அவளுக்கு வேலை இருக்கிறது. எனக்கு இருப்பது 'இப்போது நீங்கள் டெவலப்பர்' என்கிற அந்த ஒரு வரி.